உஹதின் சாம்பல் முதல் மீன்தோல் வரை: காயம் ஆற்றக் கடல் தந்த மருந்துகள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) உஹது மலையடிவாரத்தில் நடந்த போரில் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களின் திருமுகம் காயமுற்றது, முன்பல் உடைந்தது, தலைக்கவசம் நொறுங்கியது. பல்லாண்டுகள் சென்றபின், அந்நாளைக் கண்ணால் கண்டோர் அருகிவிட்ட காலத்தில், மக்கள் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களிடம் வந்து ஒரு கேள்வி கேட்டனர். நபியவர்களின் காயத்திற்கு எதைக் கொண்டு மருத்துவம் செய்யப்பட்டது என்பதே அக்கேள்வி. அதனை என்னைவிட நன்கறிந்தவர் இன்று மக்களில் எவருமில்லை என்று கூறிவிட்டு அவர் விவரித்தார். அலீ (ரலி) அவர்கள் தம் கேடயத்தில் நீர் கொண்டுவந்து ஊற்ற, ஃபாத்திமா (ரலி) அவர்கள் இரத்தத்தைக் கழுவினார்கள். நீர் ஊற்ற ஊற்ற இரத்தம் பெருகுவதைக் கண்டதும், பாய்த் துண்டு ஒன்றை எடுத்து எரித்து, அது சாம்பலானபின் காயத்தின் மீது அப்பினார்கள். இரத்தம் நின்றது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ் நூல்களிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது.

இந்த அறிவிப்பை நாம் பெரும்பாலும் நபியவர்கள் பட்ட துன்பத்தை எண்ணிக் கண் கலங்குவதற்காகவே வாசிக்கிறோம். அதில் ஒரு மருத்துவப் பாடமும் இருக்கிறது. ஃபாத்திமா (ரலி) முதலில் கழுவினார்கள். கழுவுவதன் விளைவைக் கவனித்தார்கள். அது பயன் தரவில்லை என்று கண்டதும் வேறு முறைக்கு மாறினார்கள். ஹிஜ்ரி 751இல் (கி.பி. 1350) மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள், ‘ஸாதுல் மஆத்’ நூலில் நபிவழி மருத்துவம் பற்றிய பகுதியில் இந்நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அந்தப் பாய் கோரையால் ஆனது என்றும், அதன் சாம்பலுக்கு உலர்த்தும் ஆற்றல் உண்டு என்றும் விளக்குகிறார். அவ்விடத்தில் மருத்துவர் இப்னு ஸீனாவின் கருத்தையும் துணைக்கு அழைக்கிறார். ஹதீஸைக் கற்ற இமாம், மருத்துவரின் சோதனை அறிவைத் தம் விளக்கத்திற்குள் தயக்கமின்றிச் சேர்த்துக்கொண்டார்.

காயத்தைக் கவனித்துப் பார்ப்பது, பயன்படுவதைத் தேடுவது, அறிந்தவர் எவராயினும் அவரிடம் கற்பது: இம்மூன்றும் சேர்ந்த ஒரு வரலாறு கடலிலிருந்து கிடைத்த காய மருந்துகளுக்கு உண்டு. நம் குடும்பங்களில் பல கால்களும் சில உயிர்களும் ஒரு சிறு புண்ணில் தொடங்கி இழக்கப்படும் இக்காலத்தில், அவ்வரலாற்றை அறிவது நமக்குப் பயன் தரும்.

கடற்கரையில் ஒரு பசித்த படை

ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அறிவிக்கும் ஒரு செய்தி நம்மில் பலருக்குத் தெரிந்ததே. அபூ உபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி) அவர்களின் தலைமையில் முந்நூறு பேர் கொண்ட படை கடற்கரை நோக்கி அனுப்பப்பட்டது. உணவு தீர்ந்தது. மர இலைகளை உதிர்த்துத் தின்னும் நிலை வந்தது. அதனாலேயே அப்படைக்கு ‘இலைப் படை’ எனப் பொருள்படும் பெயர் நிலைத்தது. அப்போது கடல் பேருருவம் கொண்ட ஓர் உயிரினத்தைக் கரையில் ஒதுக்கிற்று. ‘அன்பர்’ என அழைக்கப்பட்ட அதனைத் திமிங்கில வகை என்று அறிஞர்கள் கருதுவர். தானாகச் செத்ததை உண்ணலாமா என்று அபூ உபைதா (ரலி) முதலில் தயங்கினார்கள், பின்னர் இசைந்தார்கள். பாதி மாதம் என்று ஓர் அறிவிப்பும், ஒரு மாதம் என்று மற்றோர் அறிவிப்பும் கூறும் காலம்வரை அவர்கள் அதனை உண்டனர். அதன் கொழுப்பை உடலில் பூசிக்கொண்டனர். தளர்ந்த உடல்கள் தேறின. மதீனா திரும்பியபின் நபி (ஸல்) அவர்கள் அது அல்லாஹ் அளித்த உணவு என்று கூறி, மீதமிருந்தால் தமக்கும் தருமாறு கேட்டு உண்டார்கள்.

சூரத்துந் நஹ்லின் 14ஆம் வசனம், கடலிலிருந்து புதிய இறைச்சியும் அணிந்துகொள்ளும் ஆபரணமும் கிடைப்பதை இறைவனின் அருளாக நினைவூட்டுகிறது. அவ்வசனத்தில் மருந்து என்ற சொல் இல்லை. இல்லாததை நாம் ஏற்றிச் சொல்ல வேண்டியதுமில்லை. ஒவ்வொரு நோய்க்கும் நிவாரணம் இறக்கப்பட்டுள்ளது, ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற கருத்திலமைந்த நபிமொழிகள் நமக்குப் போதும். எந்த நோய்க்கு எது நிவாரணம் என்பதைத் தேடிக் காணும் பொறுப்பு மனிதனிடம் விடப்பட்டுள்ளது.

கடல் பஞ்சும் குர்துபாவின் ஏடும்

அப்படித் தேடியவர்களில் முந்தையவர் ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த டயாஸ்கொரிடிஸ் என்னும் கிரேக்க மருத்துவர். இன்றைய துருக்கியின் தென்பகுதியில் பிறந்த அவர், மூலிகைகளோடு கடல்படு பொருள்களையும் தம் மருந்து நூலில் தொகுத்தார். கடல் பஞ்சு, சிப்பி ஓடுகள், கணவாய் ஓடு ஆகியவை அவற்றுள் அடங்கும். கடலடியில் பாறைகளில் ஒட்டி வாழும் பஞ்சுயிரியின் எலும்புக்கூடே நாம் கடல் பஞ்சு என்று சொல்வது. எண்ணெய்ப் பசையற்ற புதிய பஞ்சு காயங்களுக்கு ஏற்றது என்பது அவர் குறிப்பு. கசியும் நீரையும் குருதியையும் உறிஞ்சி, காயத்தின் மீது மென்மையாக அமரும் தன்மை அதற்கு உண்டு.

இந்நூல் முஸ்லிம்களின் கைக்கு வந்த விதம் சிந்திக்கத்தக்கது. பாக்தாதில் கலீஃபா முதவக்கிலின் காலத்தில் (847–861) இஸ்திஃபான் இப்னு பஸீல் என்னும் கிறித்தவ அறிஞர் அதனை அரபியில் பெயர்த்தார். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதனைத் திருத்தினார். அரபுப் பெயர் தெரியாத மருந்துகளின் கிரேக்கப் பெயரை இஸ்திஃபான் அப்படியே அரபு எழுத்தில் எழுதி வைத்தார். பின்னால் வரும் ஒருவர் அதை இன்னதென்று கண்டறிவார் என்பது அவரது நம்பிக்கை. அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. பத்தாம் நூற்றாண்டின் நடுவில் பைஸாந்தியப் பேரரசர், ஸ்பெயினின் குர்துபாவை ஆண்ட மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்கு இந்நூலின் கிரேக்க ஏடு ஒன்றை அன்பளிப்பாக அனுப்பினார். அதைப் படித்து விளக்க நிக்கோலாஸ் என்ற துறவி 951இல் குர்துபா வந்து சேர்ந்தார். அரசவையின் யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத்தும் முஸ்லிம் மருத்துவர்களும் அவரோடு இணைந்து, பெயர் விளங்காத மருந்துகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டனர். இந்த வரலாற்றை நமக்கு எழுதி வைத்தவர் குர்துபாவின் மருத்துவர் இப்னு ஜுல்ஜுல்.

மாலகாவில் பிறந்து 1248இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைதார், முன்னோர் நூல்களையும் தம் பயண அனுபவங்களையும் சேர்த்து ஏறத்தாழ 1400 மருந்துப் பொருள்களை அகர வரிசையில் தொகுத்தார். தாம் பார்த்தும் சோதித்தும் உறுதி செய்தவற்றையே ஏற்பதாகவும், அவ்வாறு உறுதிப்படாததை எத்துணைப் பெரியவர் சொல்லியிருந்தாலும் விட்டுவிடுவதாகவும் அவர் தம் நூலின் முன்னுரையில் நெறி வகுத்தார்.

இன்று நம் மேடைகளில் அறிவியலின் ஒவ்வொரு கண்டுபிடிப்பும் முன்னரே நம்மிடம் இருந்தது என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. நம் முன்னோரின் பெருமை அதுவன்று. பிறரிடமிருந்து பணிவோடு பெற்றார்கள்; பெற்றதைச் சோதித்தார்கள்; புதியதைச் சேர்த்தார்கள்; மறைக்காமல் அடுத்தவருக்குக் கொடுத்தார்கள்.

பாசியின் சாம்பலில் பிறந்த அயோடின்

உஹதில் பாயின் சாம்பல் குருதியை நிறுத்தியது. ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின்னர், 1811இல், பிரான்சில் வேறொரு சாம்பல் காய மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. நெப்போலியனின் போர்களுக்கு வெடிமருந்து தேவைப்பட்டது; வெடிமருந்துக்கு வெடியுப்பு தேவை. வெடியுப்பு காய்ச்சும் தொழில் செய்த பெர்னார் கூர்த்வா, அதற்குக் கடற்பாசியை எரித்த சாம்பலைப் பயன்படுத்தினார். ஒரு நாள் அச்சாம்பல் கரைசலில் கந்தக அமிலம் மிகுதியாகச் சேர்ந்தபோது ஊதா நிற ஆவி எழுந்தது. குளிர்ந்த இடத்தில் அது கருமையான படிகமாகப் படிந்தது. அதுவரை எவரும் அறிந்திராத தனிமம் அது. கேலுசாக், ஹம்ப்ரி டேவி ஆகிய வேதியியலாளர்கள் அதனை ஆராய்ந்தனர். ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அயோடின் என்ற பெயர் பிறந்தது.

அயோடின் கிருமிகளின் புரதங்களைத் தாக்கிச் சிதைப்பதால் அவற்றைக் கொல்கிறது. கிருமி என்பதே அறியப்படாத காலத்திலேயே, 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், மருத்துவர்கள் அதனைக் காயங்களுக்கு இடத் தொடங்கிவிட்டனர். ஆனால் அது எரிச்சல் தந்தது, தோலைப் புண்ணாக்கியது. 1950களில் அதனைப் போவிடோன் என்ற பொருளோடு பிணைத்து, சிறிது சிறிதாக வெளிப்படுமாறு செய்தபின் அக்குறை பெரிதும் நீங்கியது. நம் வீட்டு அலமாரியில் பீட்டாடின் முதலிய பெயர்களில் இருக்கும் பழுப்பு நிற மருந்து அதுவே. இன்று உலகின் அயோடினில் பெரும்பகுதி சிலி நாட்டுக் கனிமங்களிலிருந்தும் நிலத்தடி உவர்நீரிலிருந்தும் எடுக்கப்படுகிறது. அதன் முதல் அறிமுகம் கடற்பாசியின் வழியாகவே நிகழ்ந்தது. போரில் காயம் உண்டாக்கும் வெடிமருந்துக்காக மூட்டிய உலையிலிருந்தே காயத்தைக் காக்கும் மருந்தை அல்லாஹ் வெளிப்படுத்தினான். கூர்த்வா அதனால் செல்வம் சேர்க்கவில்லை. 1838இல் வறுமையில் இறந்தார்.

நோன்புக் கடல்பாசியும் ஆய்வுக்கூடமும்

ரமளானில் நோன்பு திறக்கும் வேளைக்காக நம் வீட்டுப் பெண்கள் காய்ச்சி உறையவைக்கும் கடல்பாசி, அகர் எனப்படும் பொருள். சிவப்புப் பாசிகளிலிருந்து அது எடுக்கப்படுகிறது. கோடை வெப்பத்திலும் உருகாமல் நிற்பது அதன் இயல்பு.

1881ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் கிருமிகளை வளர்த்து ஆராய முயன்றார். அவர் பயன்படுத்திய ஜெலட்டின் வெப்பத்தில் உருகி ஓடியது. கிருமிகளும் அதனைக் கரைத்தன. அவர் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, தம் இனிப்புப் பண்டங்கள் வெயிலிலும் உருகாதிருக்க அகர் சேர்ப்பவர். ஜாவாத் தீவில் வாழ்ந்து திரும்பியவர்களிடமிருந்து அவ்வழக்கத்தை அறிந்தவர். அகரைப் பயன்படுத்திப் பார்க்குமாறு அவரே யோசனை கூறினார். இன்றுவரை ஒரு புண்ணில் எந்தக் கிருமி உள்ளது, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று ஆய்வுக்கூடங்கள் கண்டறிவது பெரும்பாலும் இந்தக் கடல்பாசித் தட்டில்தான். சமையலறை அறிவு மருத்துவத்தைத் தாங்கிய இன்னொரு நிகழ்ச்சி இது.

அதே 1881இல் பிரிட்டனில் எட்வர்ட் ஸ்டான்ஃபோர்டு என்ற வேதியியலாளர் பழுப்புப் பாசியிலிருந்து பசை போன்ற ஒரு பொருளைப் பிரித்தெடுத்துக் காப்புரிமை பெற்றார். ஆல்ஜினிக் அமிலம் என்று அது அறியப்பட்டது. அதன் கால்சியம் உப்பிலிருந்து பஞ்சு போன்ற இழைகள் நூற்கலாம். 1940களில் பிரிட்டனில் இவ்விழைகள் அறுவை மருத்துவத்தில் சோதிக்கப்பட்டன. 1980களில் ஆல்ஜினேட் கட்டுகள் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தன.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. புண்ணிலிருந்து கசியும் நீரில் சோடியம் இருக்கிறது. அது இழையிலுள்ள கால்சியத்தின் இடத்தைப் பிடிக்க, இழை கூழாக மாறுகிறது. வெளிப்படும் கால்சியம் குருதி உறைவதற்கு உதவுகிறது. கூழ், புண்ணை ஈரமாக வைத்திருக்கிறது. கட்டு மாற்றும்போது புதிதாய் வளர்ந்த தசையைப் பிய்க்காமல் எளிதாக அகல்கிறது. புண் ஈரமாக இருக்கலாமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். காற்றுப்பட்டுக் காய்ந்தால்தான் ஆறும் என்பது நெடுங்கால நம்பிக்கை. லண்டனில் ஆய்வு செய்த ஜார்ஜ் விண்டர், 1962இல் வெளியிட்ட ஆய்வில், விலங்குகளின் தோலில் மூடி ஈரமாக வைக்கப்பட்ட மேலோட்டமான காயங்களில் புதுத்தோல், காயவிடப்பட்டவற்றைவிட ஏறத்தாழ இருமடங்கு விரைவாகப் படர்வதைக் காட்டினார். இன்றைய காயக் கட்டுகள் பலவும் அந்த அடிப்படையில் அமைந்தவையே.

இந்தப் பழுப்புப் பாசி நமக்குத் தொலைவிலுள்ள பொருளன்று. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் இராமநாதபுரம் மாவட்டத்து மீனவப் பெண்கள் கட்டக்கோரை என்னும் பழுப்புப் பாசியைப் பறித்து உலர்த்தி விற்கின்றனர். அது ஆல்ஜினேட் தொழிலுக்குச் செல்கிறது. மரிக்கொழுந்து என்று அவர்கள் அழைக்கும் பாசி, அகர் தொழிலுக்குப் போகிறது. பாறையில் கை கிழியாதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு அவர்கள் நீரில் மூழ்குகிறார்கள். நோன்பு திறக்கும் தட்டில் கடல்பாசியைக் காணும்போது அந்த விரல்களையும் நாம் நினைக்க வேண்டும்.

இறால் ஓடு

1811ஆம் ஆண்டிலேயே ஆன்ரி பிராகொன்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் காளான்களில் ஒரு பொருளைக் கண்டார். பூச்சிகளின் ஓட்டிலும் இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலும் அதே பொருள் இருப்பது பின்னர் தெரிந்தது. கைட்டின் என்று பெயர் பெற்றது. 1859இல் ஷார்ல் ரூஷே அதனைக் காரத்தில் காய்ச்சி மாற்றிய வடிவமே கைட்டோசான்.

கைட்டோசானுக்கு நேர்மின் தன்மை உண்டு. சிவப்பணுக்களின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை உடையது. ஆகவே குருதி பெருகும் இடத்தில் அதனை அழுத்திப் பிடித்தால் அணுக்கள் அதனோடு ஒட்டி அடைப்பாகின்றன. உடலின் இயல்பான உறைதல் முறையை மட்டும் அது நம்பியிருப்பதில்லை. இறால் ஓட்டிலிருந்து செய்த கைட்டோசான் கட்டு ஒன்றுக்கு 2002இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. அடுத்த ஆண்டே அது ஈராக் போர்க்களத்தில் பயன்பட்டது. நாம் இறாலை உரித்துக் குப்பையில் எறியும் ஓடு, குருதி வழிய விழுந்தவனின் உயிரைப் பிடித்து நிறுத்தும் பொருளாயிற்று. எவருடைய மண்ணில் எவர் விழுந்தார் என்ற வேதனை தனியே இருக்கிறது. மருந்தின் பயன் இன்று விபத்துக் காயங்களுக்கும் கிடைக்கிறது.

மீன்தோலும் ஹலால் என்னும் கேள்வியும்

நெடுநாள் ஆறாத புண்ணை மூடுவதற்கு விலங்குகளின் திசுக்களை மருத்துவ உலகம் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்துகிறது. பன்றியின் தோலும் குடற்சவ்வும் அவற்றில் அடங்கும். வேறு வழியே இல்லாத நெருக்கடியில் விலக்கப்பட்டதும் அளவோடு அனுமதிக்கப்படும் என்ற விதியை ஃபுகஹாக்கள் வகுத்துள்ளனர். ஆயினும் ஒரு முஃமினின் உள்ளம் அங்கே தயங்குவது இயல்பு. மாற்று கிடைத்துவிட்டால் அத்தயக்கத்திற்கு இடமே இல்லை.

அத்தகைய மாற்று ஒன்று ஐஸ்லாந்தின் மீன்பிடி ஊரான இசாஃபியோர்துரில் உருவானது. 2009இல் தொடங்கப்பட்ட கெரெசிஸ் நிறுவனம், அட்லாண்டிக் காட் மீனின் தோலைப் பதப்படுத்திக் காயங்களுக்கு இடும் முறையை வளர்த்தது. 2013இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. பாலூட்டிகளின் திசுவில் மனிதனுக்குத் தொற்றக்கூடிய வைரசுகள் இருக்கலாம் என்பதால் அதனைக் கடுமையான வேதிப்பொருள்களால் தூய்மை செய்ய வேண்டியுள்ளது. குளிர்நீர் மீனிடமிருந்து அத்தகைய தொற்றுக்கான அச்சம் மிகக் குறைவு. மென்மையாகப் பதப்படுத்தினாலே போதும். அதனால் தோலின் நுண்துளை அமைப்பும் ஒமேகா-3 கொழுப்பும் சிதையாமல் நிற்கின்றன. மீனின் உயிரணுக்கள் நீக்கப்பட்ட அந்தத் தோல் ஒரு சாரம்போல் புண்ணில் அமைகிறது. நோயாளியின் சொந்த அணுக்கள் அதனுள் ஏறி வளர்கின்றன.

இது வெறும் நம்பிக்கையாக விடப்படவில்லை. ஐரோப்பிய மருத்துவமனைகளில் ஆழமான சர்க்கரைக் கால்புண் கொண்ட 255 பேரிடம் நடந்த ஆய்வில், 16 வாரங்களில் மீன்தோல் இடப்பட்டோரில் 44 சதவீதத்தினருக்கும், வழக்கமான மருத்துவம் பெற்றோரில் 26 சதவீதத்தினருக்கும் புண் முழுமையாக ஆறியது. இந்த எண்களை நேர்மையோடு படிக்க வேண்டும். பலன் உண்மை, ஆனால் மீன்தோல் இட்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அக்காலத்திற்குள் புண் ஆறவில்லை. பிரேசிலின் ஃபோர்த்தலேசா நகர மருத்துவர்கள், நாம் ஜிலேபி கெண்டை என்று அழைக்கும் திலாப்பியாவின் தோலைத் தீக்காயங்களுக்கு இட்டு நற்பலன் கண்டுள்ளனர். அது நன்னீர் மீன் என்றாலும் வழி இதுவே.

மார்க்கச் சட்டத்தில் இங்குப் பெரிய சிக்கல் எழுவதில்லை. மீன் எல்லா மத்ஹபுகளிலும் ஹலால். அறுக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் அதற்கு இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் கடல்வாழ் உயிரினங்களுக்கான அனுமதி விரிவானது. ஹனஃபி மத்ஹபில் மீன் அல்லாத கடல் உயிரினங்களை உண்பதற்குத் தடை உண்டு. ஆனால் புறத்தே இடும் மருந்தில் முதலில் எழும் கேள்வி தூய்மையைப் பற்றியது. ஓடும் இரத்தம் இல்லாத உயிரினம் இறப்பதால் நீர் அசுத்தமாவதில்லை என்பது அந்த மத்ஹபிலும் அறியப்பட்ட சட்டமே. ஐயம் உள்ளவர்கள் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். மீன் அல்லது இறால் ஒவ்வாமை உடையவர்கள் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நம் வீட்டுப் புண்கள்

இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளோர் 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 2023இல் அறிவித்தது. நம் குடும்பங்களில் வாப்பாவோ உம்மாவோ மாமாவோ அந்நோயோடு வாழாத வீட்டைக் காண்பது அரிது. சர்க்கரை, நரம்புகளை மரக்கச் செய்வதால் காலில் முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் வலி தெரிவதில்லை. இரத்த ஓட்டம் குறைவதால் புண் ஆறுவதில்லை. வலியில்லாத புண் ஆபத்தில்லாத புண் என்று எண்ணிப் பலர் நாள்களைக் கடத்துகிறார்கள். மஞ்சளும் காப்பித்தூளும் அப்பி, யாரோ கொடுத்த பொடியைத் தூவி, விரல் கறுத்தபின் மருத்துவமனைக்கு வருகிறார்கள். அப்போது எந்தக் கடலின் எந்த மருந்தும் போதாமல் போகலாம்.

கடலோர ஊர்களில் கடல் தண்ணீர் பட்டால் புண் ஆறும் என்ற பேச்சும் உண்டு. கடல்நீரில், குறிப்பாக வெதுவெதுப்பான கரையோர நீரில், விப்ரியோ என்னும் கிருமி வகைகள் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று திறந்த புண்ணின் வழியே புகுந்தால், சர்க்கரை நோயாளிக்கும் கல்லீரல் நோயாளிக்கும் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். இறால் ஓட்டையோ மீன் தோலையோ சமையலறையிலிருந்து எடுத்துப் புண்ணில் வைப்பதும் அத்தகைய ஆபத்தே. கடல் தந்தது மூலப்பொருள். அதனைத் தூய்மை செய்து, அளந்து, சோதித்து மருந்தாக்கியது பல தலைமுறைகளின் உழைப்பு. அந்த உழைப்பை விட்டுவிட்டு மூலப்பொருளை மட்டும் எடுத்துக்கொள்வது மருத்துவமாகாது.

செய்ய வேண்டியவை எளியவை. ஐவேளைத் தொழுகைக்கு உளூச் செய்யும்போது கால்களைக் கழுவுகிறோம். விரலிடுக்குகளைக் கோதிக் கழுவுவது ஸுன்னத். அந்தச் சில நொடிகளில் கண்ணாலும் பார்த்துவிடலாம்: நிறம் மாறியிருக்கிறதா, கொப்புளம் உண்டா, தோல் வெடித்திருக்கிறதா? கழுவியபின் இடுக்குகளில் ஈரம் தங்காமல் துடைத்துவிட வேண்டும். குனிய இயலாத முதியவர்களின் கால்களை மகனோ மகளோ மருமகளோ பார்க்கட்டும். அது பெற்றோருக்குச் செய்யும் பணிவிடை. புண் கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எந்தப் புண்ணுக்கு ஆல்ஜினேட், எதற்கு வேறு கட்டு, எதற்கு முதலில் இரத்த ஓட்டத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யட்டும். விலை மிகுந்த மீன்தோலைவிட, முதல் நாளில் கவனிக்கப்பட்ட சிறு கீறல் பெரும் பாதுகாப்பு.

உஹதில் ஃபாத்திமா (ரலி) அவர்களிடம் இருந்தவை கேடயத்து நீரும் ஒரு பாய்த் துண்டும் மட்டுமே. ஆனால் அவர்கள் காயத்தை உற்றுப் பார்த்தார்கள். இரத்தம் பெருகுவதைக் கண்டபின்னும் அதே செயலைத் தொடரவில்லை. இன்று பாசியும் ஓடும் மீன்தோலும் நமக்கு மருந்தாகக் கிடைத்திருக்கின்றன. உற்றுப் பார்க்கும் கண் இல்லையேல் இவை எவையும் உரிய நேரத்தில் நம் கைக்கு வந்து சேரா.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவை வழங்குவானாக. கடலிலும் தரையிலும் அவன் வைத்துள்ள நிவாரணங்களைத் தேடி அறியும் கல்வியை நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக. ஆமீன். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.